தூக்க மாத்திரையை விடுவது எப்படி?



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சிறு மாத்திரையைப் பற்றியதாகும். சிலர் இதைத் தூக்க மாத்திரை என்பார்கள். சிலர் நரம்பு மாத்திரை என்பார்கள். சிலர் பெயரே சொல்லாமல், "இராத்திரிக்குப் போட்டுக்கொள்ளும் அந்த மாத்திரை" என்பார்கள். டயசெபம், அல்பிரசோலம், லொராசெபம், குளோனசெபம் என்று கடைக்காரர் பல பெயர் சொன்னாலும் இவையெல்லாம் பென்சோடயசெபைன் என்கின்ற ஒரே குடும்பத்துச் சரக்குகள்தான்.

நாம் வைத்தியரல்ல. வைத்தியரல்லாதவனுக்கு இதில் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைத்தியர்களே எழுதி வைத்திருப்பதைப் படித்து, அதை எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்லுவதைத் தவிர வேறு எந்த யோக்கியதையும் நமக்கு வேண்டியதில்லை என்பதே நமது பதில். நம்மைப் பார்த்து யாரும் மருந்து கேட்க வேண்டாம். ஆனால் தன் உடம்புக்குள் போகும் சரக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

மேலே போகுமுன் ஒரு எச்சரிக்கை. இதைக் கடைசியில் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பீர்களாதலால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்களில் எவராவது மாதக்கணக்காக, வருஷக்கணக்காக இம்மாத்திரையைச் சாப்பிட்டு வருவீர்களானால், நமது பேச்சைக் கேட்டுவிட்டு ரோஷத்தோடு வீட்டுக்குப் போய் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது, தொடர்ந்து சாப்பிடுவதைவிட ஆபத்தானது. வலிப்பு வரும், புத்தி தடுமாறும், சில சமயம் உயிரே போகும். இன்று நாம் பேசப்போவது விடுவதைப் பற்றி மாத்திரமல்ல, நிதானமாக விடுவதைப் பற்றி.

சரி, இம்மாத்திரை எப்படி வந்தது என்று பார்ப்போம். ஹாஃப்மன் லாரோஷ் கம்பெனியின் அமெரிக்கச் சாலையில் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் இரசாயன ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த முதல் சரக்கு 1960-ல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-ல் வேலியம் வந்தது. அதற்கு முன்பு தூக்கத்திற்குக் கொடுக்கப்பட்டு வந்த பார்பிட்டுரேட் மருந்துகள் கொஞ்சம் அளவு மீறினாலும் ஆளையே கொன்றுவிடும். புதிய மாத்திரை அப்படிச் சுலபத்தில் கொல்லாது. ஆகவே டாக்டர்கள் இதை வரவேற்றதில் குற்றமில்லை. ஆனால் "சுலபத்தில் கொல்லாது" என்பது நாளடைவில் "ஒரு கெடுதியும் செய்யாது" என்று ஆகிவிட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்க யாருக்கும் அவகாசமில்லை. 1978-ம் வருஷத்தில் மாத்திரம் அமெரிக்காவில் 200 கோடிக்கு மேற்பட்ட வேலியம் மாத்திரைகள் விற்பனையாயின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இவ்வளவு மாத்திரைகள்? ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அடுப்பங்கரையிலேயே காலம் கழிந்து அலுத்தவள், குடிகாரனோடு வாழ்கிறவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், பேச ஆளில்லாதவள் ஆகிய இவர்கள் எல்லோருக்கும் ஒரே மருந்து. அந்த அம்மாளுடைய துக்கத்திற்குக் காரணம் வீட்டில் இருக்க, மருந்தோ அவள் மூளைக்குக் கொடுக்கப்பட்டது. வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அம்மாள் மாத்திரம் வாய் திறக்காமல் ஆனாள். இதற்கு "குணமாயிற்று" என்று பெயர் வைத்தார்கள்.

இதன் கெடுதி அப்பொழுது யாருக்கும் தெரியாது என்று சமாதானம் சொல்லுவார்கள். அது முழு உண்மையல்ல. லிப்ரியம் விற்பனைக்கு வந்த மறு வருஷமே, 1961-ல், லியோ ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு பரீட்சை செய்தார். சாதாரண அளவைப்போல் பல மடங்கு லிப்ரியத்தை மாதக்கணக்காகச் சாப்பிட்டு வந்த 11 பேருக்கு, அவர்கள் அறியாமல் அதை நிறுத்தி, வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்குப் புதுத் தொந்தரவுகள் கிளம்பின. 2 பேருக்கு வலிப்பே வந்துவிட்டது. "அது பெரிய அளவு சாப்பிட்டவர்களுக்குத்தானே!" என்று உலகம் திருப்தியடைந்துவிட்டது. இருபது வருஷம் கழித்து, 1981-ல், லண்டனில் பெட்டர்சன், லேடர் என்ற இரு டாக்டர்கள், வைத்தியர் சொன்ன சாதாரண அளவையே நெடுநாள் சாப்பிட்டு வந்த 16 பேரைப் பரீட்சித்தார்கள். மாத்திரையை நிறுத்தியபோது 16 பேருமே ஏதோ ஒரு விதத்தில் கஷ்டப்பட்டார்கள். அதாவது சொன்னபடி கேட்டு ஒழுங்காகச் சாப்பிட்டவனும் மாட்டிக்கொண்டான்.

இது ஏன் இப்படி ஆகிறது? இதைத்தான் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். காரணம் விளங்கிவிட்டால் வழியும் விளங்கிவிடும்.

நம் மூளையில் நரம்புகளின் வேகத்தை அடக்கி வைக்கும் சரக்கு ஒன்று இயற்கையாகவே ஊறுகிறது. காபா என்று அதற்குப் பெயர். இம்மாத்திரை செய்வதெல்லாம் அந்தக் காபாவின் வேலையை அதிகப்படுத்திக் கொடுப்பதுதான். ஒரு குடும்பத்துக்கு வெளியூர் மாமன் ஒருவன் மாதந்தவறாமல் பணம் அனுப்பி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குடும்பம் செழிப்பாக இருக்கும். பிறகு என்ன ஆகும்? பணம்தான் வருகிறதே என்று மூத்தவன் வேலைக்குப் போவதைக் குறைப்பான். இளையவன் தறியை மூடுவான். செலவும் அதற்குத் தக்கபடி ஏறிவிடும். இப்பொழுது மாமன் பணம் வந்தாலும் பழைய செழிப்பு இல்லை. வராவிட்டாலோ அன்றைக்கே பட்டினி. மூளையும் இப்படித்தான். வெளியிலிருந்து அடக்கும் சக்தி தினந்தோறும் வந்துகொண்டிருப்பதால், தன் சொந்த அடக்கும் சக்தியை அது குறைத்துக்கொள்ளுகிறது. ஆகவேதான் நாளடைவில் அதே மாத்திரைக்குப் பழைய தூக்கம் வருவதில்லை. திடீரென்று நிறுத்தினால் அடக்க ஆளில்லாமல் நரம்புகள் கட்டவிழ்ந்து ஓடுகின்றன. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, மார்பு படபடக்கிறது, இரவெல்லாம் கண் மூடுவதில்லை. சின்னச் சத்தமும் இடிபோல் கேட்கிறது, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. கடுமையாகப் போனால் இல்லாத உருவம் தெரிகிறது, வலிப்பு வருகிறது.

இதில் ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது, தோழர்களே! ஒருவன் பயத்துக்காகவும் தூக்கமின்மைக்காகவும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தான். நிறுத்திப் பார்க்கிறான். முன்னைவிட அதிகமான பயமும் தூக்கமின்மையும் வருகின்றன. உடனே அவனும், அவன் பெண்சாதியும், சில சமயம் டாக்டருங்கூட, "பார்த்தாயா! வியாதி உள்ளே அப்படியே இருக்கிறது, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று தீர்மானித்துவிடுகிறார்கள். மாத்திரை கொண்டுவந்த கஷ்டத்திற்கு மாத்திரையே மருந்தாகிவிடுகிறது. உயிருள்ள வரையில் இந்தச் செக்கைச் சுற்ற வேண்டியதுதான்.

இப்படிச் சுற்றுகிறவர்களைச் சிலர் "போதைக்காரர்கள்" என்று ஏளனம் செய்கிறார்கள். இது அறியாமை. போதைக்காரன் இன்பத்தைத் தேடிப் போகிறவன். இவர்களோ டாக்டர் எழுதிய சீட்டின்படி சாப்பிட்டவர்கள், அளவு மீறாதவர்கள், அதில் ஒரு இன்பமும் காணாதவர்கள். அவர்கள் உடல் மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட்டு மறைப்பதனால்தான் பலர் யாரையும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தி ஆபத்தில் மாட்டிக்கொள்ளுகிறார்கள்.

நியூயார்க்கில் தொலைக்காட்சிக்குப் படம் தயாரித்து வந்த பார்பரா கார்டன் என்ற அம்மையார், பல வருஷங்கள் வேலியம் சாப்பிட்டுவிட்டு அதை ஒரேயடியாக நிறுத்தினார். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், மனநோய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்படி ஆயிற்று. தன் கதையை அவர் 1979-ல் புத்தகமாக எழுதினார். அதே வருஷத்தில் அமெரிக்க செனட் சபையில் எட்வர்ட் கென்னடி இம்மாத்திரைகளைப் பற்றி விசாரணை நடத்தினார். 1988-ல் பிரிட்டிஷ் சர்க்காரின் மருந்துப் பாதுகாப்புக் கமிட்டி, இம்மாத்திரைகளை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று சொல்லிற்று. 2020-ல் அமெரிக்க மருந்து இலாகா, இதற்கு உடல் பழகிவிடும் என்பதையும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்பதையும் மருந்துச் சீட்டிலேயே கட்டம் போட்டு அச்சிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1961-ல் தெரிந்த சங்கதி கட்டத்துக்குள் ஏற 59 வருஷங்கள் ஆயின!

இனி விடும் வழியைப் பார்ப்போம்.

இவ்வழியை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தில் நியூகாசில் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெதர் ஆஷ்டன் என்ற பெண் பேராசிரியர். 1982 முதல் 1994 வரை 12 வருஷ காலம் இதற்கென்றே ஒரு வைத்திய நிலையம் நடத்தினார். வந்தவர்களை வைது துரத்தாமல், அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்தார். நோயாளிகளிடமிருந்தே தாம் கற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். அவருடைய கையேடு 1999-ல் வெளிவந்து பல பாஷைகளுக்குப் போயிற்று. 2019-ல் அவர் காலமானார். அவருடைய வைத்திய முறையின் சாரம் இதுதான்: மெதுவாகக் குறை; வேகத்தை நோயாளியே நிர்ணயிக்கட்டும்.

மாமன் பணத்தை மாதம் பத்தில் ஒரு பாகமாகக் குறைத்து வந்தால் மூத்தவன் வேலைக்குப் போவான், இளையவன் தறியைத் திறப்பான் அல்லவா? மூளைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டும். 2025-ல் அமெரிக்காவின் பல வைத்திய சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட முறைப்படி, முதலில் 100-க்கு 5 முதல் 10 பாகம் குறைத்து, 2 முதல் 4 வாரம் பொறுத்துப் பார்த்து, பிறகு அடுத்த படி இறங்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் பொதுவாக 2 வாரத்தில் 100-க்கு 25 பாகத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் தினந்தோறும் சாப்பிட்டவர்கள் எல்லோரும் இதை யோசிக்க வேண்டியவர்களே.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவர் 9-க்கு இறங்கினால் குறைந்தது பத்தில் ஒரு பாகம். அவரே பின்னால் 2-லிருந்து 1-க்கு இறங்கினால் குறைந்தது பாதி. இரண்டிடத்திலும் குறைந்தது 1 மில்லிகிராம்தான் என்றாலும், மூளைக்கு இரண்டும் ஒன்றல்ல. இது தெரியாமல்தான் பலர் முதலில் நன்றாக இறங்கி வந்து, கடைசிப் படியில் தடுக்கி விழுகிறார்கள். கீழே வர வரப் படி சிறியதாக வேண்டும்.

"அவ்வளவு சிறிய பாகத்துக்கு மாத்திரையை எப்படி உடைப்பது?" என்று கேட்பீர்கள். இதற்குத்தான் டாக்டரும் மருந்துக் கடைக்காரரும் வேண்டும். சிறு அளவு மாத்திரை உண்டு. சில மருந்துகள் சில இடங்களில் திரவமாகவும் கிடைக்கின்றன. அல்பிரசோலம் போன்ற சில சரக்குகள் உடம்பிலிருந்து சீக்கிரமாகப் போய்விடுவதால் இரண்டு வேளைக்கு நடுவிலேயே தவிப்பு உண்டாகும். அப்படிப்பட்டவர்களுக்கு நெடுநேரம் நிற்கும் டயசெபத்துக்கு மாற்றிக்கொண்டு குறைப்பது ஆஷ்டன் அம்மையாருடைய முறை. இது எல்லோருக்கும் ஒத்துவராது. வயோதிகர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் டயசெபம் உடம்பில் தேங்கிவிடும். ஆகவே மாற்றுவதா இல்லையா என்பதையும், எதற்கு எவ்வளவு சமம் என்பதையும் டாக்டர் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைக்கவே கூடாது. உடைத்தால் முழுச் சரக்கும் ஒரே சமயத்தில் இறங்கிவிடும்.

செய்யக்கூடாதவை சில உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது குறைப்பதாகாது. அது மூளையை ஊஞ்சலாட்டுவதாகும். தூக்கம் வரவில்லை என்று அந்த இடத்தில் சாராயத்தை வைப்பது கொள்ளியால் தலையைச் சொறிவதாகும். மாத்திரையோடு சாராயமோ, அபின் வகை வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். ஒரு படி இறங்கியதும் கஷ்டம் அதிகமானால், பயந்துகொண்டு மறுபடியும் மேலே ஏற வேண்டுமென்பதில்லை. அந்தப் படியிலேயே சில வாரம் நிற்கலாம். நிற்பது தோல்வியல்ல. அதற்கு மேலும் தாங்கவில்லையானால், தானாக ஒரு முடிவுக்கு வராமல் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சில மாதமாகும். மற்றொருவருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். சிலருக்கு மாத்திரை அடியோடு நின்ற பிறகும் கொஞ்ச காலம் தொந்தரவு இருப்பதுண்டு. "ஒரே வாரத்தில் விடுவிக்கிறேன்" என்று எவனாவது விளம்பரம் செய்தால் அவன் உங்கள் மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், அல்லது உங்கள் பையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன்.

வலிப்பு நோயுள்ளவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், அதிகமாகக் குடிப்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் தோன்றுகிறவர்கள் ஆகிய இவர்கள் வீட்டில் தாமாக ஆரம்பிக்கவே கூடாது. குறைத்துவரும் காலத்தில் எவருக்காவது வலிப்போ, குழப்பப் பேச்சோ, இல்லாததைக் காண்பதோ, சாகும் எண்ணமோ வந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தூக்கத்துக்கு என்ன செய்வது? இதற்கும் பரீட்சை செய்து கண்ட வழி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது. தூக்கம் வந்தால் ஒழியப் படுக்கைக்குப் போகாதிருப்பது. படுத்தும் வரவில்லையானால் புரண்டு கொண்டிராமல் எழுந்து வேறிடத்தில் உட்காருவது. பகல் தூக்கத்தை விடுவது. "இன்று தூங்காவிட்டால் நாளைக்குச் செத்தேன்" என்ற பயத்தை யோசித்துப் பார்த்து ஒழிப்பது. இதை முறையாகக் கற்றுக் கொடுத்து, 2004-ல் கனடாவில் மோரின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வயதானவர்கள் 76 பேரிடம் பரீட்சை செய்தார்கள். மாத்திரையைப் படிப்படியாக மாத்திரம் குறைத்தவர்களில் 100-க்கு 48 பேர் விட்டார்கள். இப்பயிற்சியையும் சேர்த்துக் குறைத்தவர்களில் 100-க்கு 85 பேர் விட்டார்கள்.

"கிழவர்களிடம் இதெல்லாம் சொல்லிப் பயனென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கிழவர்களிடந்தான் முதலில் சொல்ல வேண்டும். இம்மாத்திரையால் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளுகிறவர்களும், ஞாபகம் மங்குகிறவர்களும் அவர்கள்தானே? கனடாவில் கியூபெக் மாகாணத்தில், 65 முதல் 95 வயது வரையுள்ள 303 பேரைக்கொண்டு ஒரு ஆராய்ச்சி நடந்து 2014-ல் வெளியாயிற்று. அவர்களில் ஒரு பகுதியாருக்கு, இம்மாத்திரை என்ன செய்கிறது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று எளிய பாஷையில் படம் போட்டு எழுதிய ஒரு சிறு புத்தகத்தை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அதைப் படித்தவர்களில் 100-க்கு 27 பேர் மாத்திரையை அடியோடு விட்டார்கள். இன்னும் 11 பேர் அளவைக் குறைத்தார்கள். புத்தகம் பெறாதவர்களில் விட்டவர்கள் 100-க்கு 5 பேர்தான். சில காகிதங்கள் செய்த வேலை இது. மனிதனுக்கு விஷயத்தைச் சொன்னால், 80 வயதிலும் அவன் யோசித்து நடப்பான் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது நமது கடமை. கெடுதி தெரிந்துவிட்டது என்று, நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குச் சில டாக்டர்கள் திடீரென்று சீட்டு எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அன்றைக்கு யோசிக்காமல் கொடுத்தது போலவே இன்றைக்கு யோசிக்காமல் பிடுங்குகிறார்கள். அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், நெடுநாளாக ஒரே நிலையில் சாப்பிட்டு வந்தவர்களில், நிறுத்தப்பட்டவர்களிடையே அடுத்த ஒரு வருஷத்தில் மரணம் ஏறக்குறைய 1.6 மடங்காக இருந்தது. நிறுத்தியதுதான் காரணம் என்று இக்கணக்கு ஒன்றைக்கொண்டே முடிவுகட்டிவிட முடியாது. என்றாலும், விடுவதில் எல்லோருக்கும் எப்போதும் லாபமே என்று சத்தியம் செய்கிறவனை இது வாயடைக்கும். சிலருக்குப் பாதியாகக் குறைத்து நிற்பதே புத்திசாலித்தனமாயிருக்கலாம். வலிப்புக்காகச் சாப்பிடுகிறவருக்கு நிலைமையே வேறு. ஆகவே விடுவதா, குறைப்பதா, இருப்பதா என்பது அந்த மனிதரும் அவருடைய டாக்டரும் லாப நஷ்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியதே ஒழிய, ஒருவர் கட்டளையிட்டு மற்றவர் நடுங்க வேண்டிய காரியமல்ல.

நம் நாட்டு நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். இந்திய சர்க்கார் 2013-ல் போட்ட விதிப்படி அல்பிரசோலம், டயசெபம் முதலியவை எச் 1 என்கின்ற ஜாபிதாவைச் சேர்ந்தவை. டாக்டர் சீட்டின் பேரில்தான் விற்க வேண்டும். சீட்டெழுதியவர் பெயரும் வாங்கியவர் பெயரும் அளவும் தனிப் புத்தகத்தில் பதியப்பட்டு 3 வருஷம் வைத்திருக்கப்பட வேண்டும். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே கூடியிருக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டில், என்றைக்கோ எழுதிய பழைய சீட்டையே மடித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் மாத்திரை வாங்கி வருகிறீர்கள்? டாக்டர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? நாம் பதில் கேட்கவில்லை. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குறைத்து வருகிறவர் சிடுசிடுப்பார், அழுவார், "எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது" என்பார். அது சோம்பலோ பாசாங்கோ அல்ல. நரம்பு தன் பழைய தொழிலைத் திரும்பக் கற்றுக்கொள்ளும் வேதனை அது. அந்தச் சமயம் உபதேசம் வேண்டாம். பக்கத்தில் இருங்கள்; வீட்டு வேலையில் பாதியை எடுத்துச் செய்யுங்கள். முக்கியமாகப் புருஷர்களுக்குச் சொல்லுகிறோம்: அந்த அம்மாள் எதனால் அம்மாத்திரையை முதன்முதல் வாயில் போட்டாள் என்று ஒருநாளாவது கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். இருந்தாலும் கேளுங்கள்.

ஆகவே தோழர்களே! நாம் சொன்னதில் எதையும் நாம் சொன்னதற்காக நம்பிவிட வேண்டாம். நாளைய தினம் உங்கள் மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "இதை எத்தனை நாளைக்கு என்று கொடுத்தீர்கள்? இன்னும் எனக்கு இது தேவையா? குறைப்பதானால் எந்தக் கணக்கில் குறைப்பது?" என்று இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் வரும் வரையில் இன்றிரவு மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள்.